அரைப்பங்கு மருந்து

1

என் பேத்திக்கு இந்த மாதம் ஒரு வயது நிறைகிறது. அவள் பிறப்பதற்கு இரண்டரை மாதம் முன்பே, தாத்தா என்கிற முறையில் நான் ஒரு காரியம் செய்தேன். அவளுடைய அம்மாவின் மருந்தில் பாதியைப் பிடுங்கிக்கொண்டேன். அதுவும் நேரில் போய் அல்ல, மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு வீடியோ காலில்.

இதை இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் வெட்கம் இல்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை எதற்கு எழுதுவது என்று விட்டுவிட்டேன். போன விடுமுறையில் எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போனபோது, டீ கேட்டதற்கு டீக்கடைக்காரர், "முழுசா, பாதியா?" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கடலைப் பார்த்தார்கள். பழவேற்காடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கதை போயிருக்கிறது. போகிற வழியில் அதற்குக் கொம்பும் வாலும் முளைத்து, நான் மகளுக்கு மாத்திரையே தராமல் விபூதி பூசச் சொன்னதாக ஒரு வடிவம், மீன் எண்ணெய் குடிக்கச் சொன்னதாக இன்னொரு வடிவம். ஆகவே நடந்ததை நடந்தபடியே, முடிந்தவரை எனக்குச் சாதகமாக, இங்கே எழுதிவைக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: பெயர் ஏழுமலை. இருபத்துமூன்று வருடமாக மஸ்கட்டில், ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியின் கோல்டு ஸ்டோரேஜில் வேலை. வெளியே நாற்பத்திரண்டு டிகிரி, உள்ளே மைனஸ் பதினெட்டு. ஒரு நாளைக்கு இருபது தடவை ஒரே ஒரு கதவைத் திறந்து மூடி நான் பாலைவனத்துக்கும் பனிமலைக்கும் போய்வருகிறேன். மீன் பெட்டியில் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்ப்பதுதான் என் உத்தியோகம். இரண்டு டிகிரி கூடுதலாகக் காட்டினால் லாரியை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன். டிரைவர் அழுதாலும் சரி, முதலாளி பேசினாலும் சரி. லாரிக்காரர்கள் எனக்கு 'டிகிரி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எட்டாவதோடு நின்றவனுக்கு வேறு எந்த வழியில் டிகிரி கிடைக்கும்?

இந்த உத்தியோகத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டிகிரிக்கு லாரியைத் திருப்புகிறவன்தான் பெற்ற மகளின் மருந்தைக் கண்ணளவில் பங்கு பிரித்தான்.

2

வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லோரும் எழுதுகிற புலம்பல் ஒன்று உண்டு. பிள்ளைகள் ஊரை மறந்துவிட்டார்கள், தமிழ் வரவில்லை, மீன்குழம்பு வாசனைக்கு மூக்கைப் பொத்துகிறார்கள். என் குறை நேர் எதிர். என் மகள் பவானி நான்கு வயதிலிருந்து பதினேழு வரை மஸ்கட்டில் வளர்ந்தாள். காலேஜுக்கு என்று பொன்னேரிக்கு அனுப்பினேன். மூன்று வருடத்தில் படிப்பை முடித்தாள்; கூடவே பழவேற்காடு பஸ்ஸில் ஒரு பையனையும் பார்த்துவைத்திருந்தாள். நான் எந்த ஊரை விட்டு ஓடிவந்தேனோ, என் பிள்ளை என்னை விட்டு அந்த ஊருக்கே ஓடிப்போனாள்.

பையன் பெயர் தேசிங்கு. நல்ல பையன்தான். ஆனால் ஊர் தோணிரேவு. பழவேற்காடு ஏரிக்கரைக்காரன்.

இது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. நாங்கள் கடல்காரர்கள். அலையை உடைத்துக்கொண்டு போய் வருகிறவர்கள். ஏரியில் மீன் பிடிப்பவர்களைப் பற்றி எங்கள் குப்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை நான் கல்யாணப் பேச்சிலேயே எடுத்துவிட்டேன்.

"இடுப்பளவு தண்ணியில நின்னு மீன் புடிக்கிறவனுக்கா என் பொண்ணு?"

"முழங்கால் அளவுதான் நைனா" என்றாள் பவானி. "கோடையில நடந்தே போய் வந்துடலாம். நீ கவலைப்படாத, முழுக மாட்டாரு."

கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு என் வீட்டு மொழி நிலவரம் இது: மஸ்கட்டில் வளர்ந்தவள் தோணிரேவுத் தமிழ் பேசுகிறாள். ஊரில் பிறந்த என் வாயில் போதும் என்பதற்கு மலையாளத்து 'மதி'யும், சரி என்பதற்கு இந்தியின் 'டீக் ஹை'யும், சீக்கிரம் என்பதற்கு அரபியின் 'யல்லா'வும் வரிசை தாண்டிக் குதிக்கின்றன. "நைனா, தமிழ்ல பேசு, இங்க யாருக்கும் புரியல" என்பாள். அவளுக்கு அகரம் எழுதிக் காட்டியவன் நான்.

3

பவானிக்கு ஏழாம் மாதம் நடந்தபோது என் மனைவி கஸ்தூரி ஊருக்குக் கிளம்பிப் போனாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது முறை. தாய் மஸ்கட்டில் இருந்ததால் முதலில் தாயை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. குப்பத்து வீட்டைத் திறந்து, பெருக்கி, மகளைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டாள். தேசிங்கு தினமும் தோணிரேவிலிருந்து பைக்கில் வந்து பார்த்துவிட்டுப் போவான்.

பவானி பக்கத்து நர்சரி பள்ளிக்கூடத்தில் அப்போதும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே பிள்ளைகள் எல்லாம் வரிசையாக இருமினார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இவளுக்கும் குளிர் அடித்தது. உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி, நெருப்பாகக் காய்ச்சல். மறுநாள் காலையில் தேசிங்கு அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டரம்மா சோதித்துப் பார்த்து, இது ஃப்ளூ, மாசமாக இருக்கும்போது இதைச் சும்மா விடக்கூடாது என்று சொல்லி, ஓசெல்டாமிவிர் என்று ஒரு கேப்ஸ்யூல் கொடுத்தார். காலை ஒன்று, இரவு ஒன்று, ஐந்து நாள். காய்ச்சல் தொடங்கி இரண்டு நாளைக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாகக் கேட்கும், வீட்டுக்குப் போனதும் முதல் மாத்திரையைப் போடு என்றும் சொல்லியிருக்கிறார்.

அவர்கள் வீடு வந்து சேர்ந்த நேரம் எனக்குச் சாப்பாட்டு இடைவேளை. அங்கேதான் விதி புகுந்தது. சாப்பாட்டு இடைவேளையில் எனக்கு அறிவு கொஞ்சம் அதிகமாக வேலை செய்யும்.

"இன்னா மாத்திரை குடுத்தாங்க? காட்டு."

பவானி அட்டையைக் கேமராவுக்கு நேரே பிடித்தாள்.

"இம்மாம் பெருசா? மாசமா இருக்கிறவளுக்கா?"

"டாக்டரம்மா பாத்துதான் குடுத்தாங்க நைனா."

"பாத்தாங்க, சரி. உன் அம்மாவைக் கேளு. நீ வயித்துல இருந்தப்போ அவளுக்கு ஜுரம் வந்துச்சு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மருந்துக்கடைக்காரர் இன்னா செஞ்சாரு? கத்திரிக்கோல் எடுத்து மாத்திரையைப் பாதியா வெட்டித்தான் குடுத்தாரு. நீ எப்படிப் பொறந்த? முழுசாத்தானே பொறந்த?"

கஸ்தூரி பின்னாலிருந்து ஆமாம் என்றாள். என் பேச்சுக்கு அவள் ஆமாம் போடுவது வருடத்துக்கு ஒருமுறை. அது எனக்குத் தலைக்கேறியது.

என் கணக்கு இதுதான். எங்கள் பக்கம் படகில் மீன் வந்தால் மணலில் கூறு கட்டுவார்கள். சம சமமாகக் குவியல் வைத்து ஆளுக்கு ஒன்று. கடலுக்குப் போனவனுக்கு முழுப்பங்கு. உடம்புக்கு முடியாமல் கரையில் உட்கார்ந்து வலை மட்டும் பார்த்தவனுக்கு அரைப்பங்கு. அது நியாயம். யாரும் சண்டைக்கு வருவதில்லை. பவானி இப்போது உடம்புக்கு முடியாதவள், கரையில் இருப்பவள். அவளுக்கு அரைப்பங்கு மருந்து. உள்ளே இருக்கிற சின்ன உயிருக்கும் அதுதானே நல்லது? வைத்திய சாஸ்திரத்தில் கூறு கட்டும் முறையைப் புகுத்திய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

தேசிங்கு மட்டும் மெதுவாகச் சொன்னான். "மாமா, டாக்டரம்மா முழுசு போடச் சொன்னாங்க."

"மாப்ள, டாக்டரம்மாவுக்கு ஒரு நாளைக்கு நூறு பேரு. எனக்கு ஒரே பொண்ணு."

இந்த வாக்கியத்தைச் சொன்னபோது எனக்கே கண் கலங்கியது.  அவன் கேமராவை விட்டு நகர்ந்துகொண்டான்.

பிறகு நடந்தது பெரிய சடங்கு. கஸ்தூரி பழைய பேப்பரை விரித்தாள். கேப்ஸ்யூலைத் திருகித் திறந்து, வெள்ளைப் பொடியைக் கொட்டினாள். பிளேடு எடுத்து இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன். "இந்தப் பக்கம் கொஞ்சம் கூட. தள்ளு. போதும். யல்லா, போதும்." மணலில் நண்டுக்கும் இறாலுக்கும் கூறு கட்டுவதைப் பார்த்த கண் எனக்கு, அரிசியளவு வித்தியாசம்கூட விடவில்லை. ஒரு குவியலை வெல்லத்தில் குழைத்து பவானிக்குக் கொடுத்தாள். வேப்பெண்ணெய் தோற்றது, அவ்வளவு கசப்பு என்று பவானி முகத்தைச் சுளித்தாள். மற்றப் பாதியைப் பொட்டலம் கட்டிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார்கள்.

"அஞ்சு நாள் மருந்து பத்து நாளைக்கு வரும்" என்றாள் கஸ்தூரி. நான் திருப்தியாக அந்தக் காட்சியை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன். பேப்பர், பிளேடு, இரண்டு வெள்ளைக் குவியல். அந்தப் படத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

4

மறுநாள், வியாழக்கிழமை காலை. கோல்டு ஸ்டோரேஜின் முதலுதவிப் பெட்டிக்குப் பஞ்சும் பிளாஸ்திரியும் வாங்க எதிரே இருக்கிற மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே ஷீபா என்று ஒரு மலையாளிப் பெண் இருக்கிறாள். பத்து வருடப் பழக்கம். என்னோடு பேசிப் பேசி அவளுக்குத் தமிழ் வந்துவிட்டது. எனக்குத்தான் இருந்ததும் போய்விட்டது. மகளின் காய்ச்சலைச் சொன்னேன். கூடவே என் சாமர்த்தியத்தையும் சொன்னேன். பாராட்டுவாள் என்று கவுண்டரில் கையை ஊன்றி நின்றுகொண்டேன்.

ஷீபா பில் போடுவதை நிறுத்தினாள்.

"சேட்டா, யாரு பாதி போடச் சொன்னது?"

"நான்தான்."

"எதுக்கு?"

கூறு கட்டுவதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, நான் மீன் பெட்டியில் தெர்மாமீட்டர் குத்துவதுபோல ஒவ்வொரு வார்த்தையாகக் குத்தினாள்.

"அந்தப் பொடி வயித்துக்குள்ள போனதும் வேலை செய்யாது. ஈரல்ல போய்த்தான் மருந்தா மாறும். மாறினதை ரத்தம் நெஞ்சுக்குக் கொண்டுபோகும். அப்புறம் கிட்னி அதை வெளிய தள்ளும். இதுதான் வழி. புரியுதா?"

"புரியுது."

"கர்ப்பமா இருக்கிறப்போ கிட்னி மத்த நேரத்தைவிட ரொம்ப வேகமா வேலை செய்யும். நம்ம உடம்புல தங்குற மாதிரி அவ உடம்புல மருந்து தங்காது. சீக்கிரம் போயிடும். ரத்தமும் அவளுக்குக் கூடியிருக்கும், உடம்புல தண்ணியும் கூடியிருக்கும். அதே மருந்து அதுல பரவி மெலிசாயிடும். முழுசாப் போட்டாலே நமக்குக் கிடைக்கிற அளவு அவளுக்குக் கிடைக்காது. அளந்து பார்த்திருக்காங்க சேட்டா. கூட்டித் தரலாமான்னுதான் பெரிய டாக்டர்மார் யோசிக்கிறாங்க. இப்போதைக்கு எல்லாருக்கும் தர்ற முழு அளவுதான் தர்றாங்க. குறைக்கணும்னு யாருமே சொல்லல. உலகத்துல நீங்க ஒருத்தர்தான்."

உலகத்தில் நான் ஒருத்தன். இப்படி ஒரு பெருமை எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

"எத்தனை வேளை போச்சு?"

"நேத்து மத்தியானம், ராத்திரி, இன்னிக்குக் காலைல. மூணு."

"மூணு வேளையும் பாதி. காய்ச்சல் வந்தது செவ்வாய் மத்தியானம்." விரலை மடக்கி எண்ணினாள். "ரெண்டு நாள் இன்னும் முடியல. இப்பவே கூப்பிடுங்க. மூச்சு வாங்குதான்னு கேளுங்க. கர்ப்பிணிக்கு ஃப்ளூ நெஞ்சுல இறங்கிச்சுன்னா விளையாட்டில்ல."

பஞ்சை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில், மைனஸ் பதினெட்டுக்கான கோட்டைக் கழற்றாமல் நின்றுகொண்டு போன் போட்டேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வியர்க்கவில்லை. உள்ளே குளிர் அடித்தது.

பவானி எடுக்கவில்லை. கஸ்தூரி எடுக்கவில்லை. மறுபடி பவானி. மறுபடி கஸ்தூரி. கஸ்தூரியின் போன் சமையலறை ஜன்னலில் சார்ஜில் கிடந்ததும், பவானி போனைச் சைலண்டில் போட்டுவிட்டுப் படுத்திருந்ததும் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் என் புத்தி வேறு என்னென்னவோ சொன்னது. பிரசவத்துக்கு வாங்கிவைத்த சின்னச் சட்டைகள் ஞாபகம் வந்தன. அவற்றைப் பற்றி எழுதமாட்டேன்.

தேசிங்குக்குப் போட்டேன். மூன்றாவது தடவை எடுத்தான். காற்றுச் சத்தம், தண்ணீர்ச் சத்தம்.

"மாமா, ஏரியில வலைல நிக்கிறேன். இன்னிக்கு நம்ம பாடு."

ஏரியில் எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று அவர்கள் ஊரில் முறை வைத்திருக்கிறார்கள். அதைத்தான் பாடு என்பார்கள். நல்ல இடத்துப் பாடு சுற்றி வர நாளாகும். அந்த நாளை விட்டால் விட்டதுதான்.

"மாப்ள, பாதி வேணாம்."

"இன்னா பாதி?"

"மருந்துதான். முழுசு போடணும். நான் சொன்னது தப்பு. டாக்டரம்மா சொன்னதுதான் சரி. நீ சொன்னதுதான் சரி."

 நான் அவனிடமிருந்து ஒரு வார்த்தை எதிர்பார்த்தேன். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் ஒரு வார்த்தை இல்லை, ஒன்பது சொல்லியிருப்பேன்.

"காலைல பாத்தேன் மாமா. பேசுறப்போ மூச்சு வாங்குச்சு. கேட்டா ஒண்ணும் இல்லன்னா. இதோ போறேன்."

"வலை?"

"பக்கத்துல ஆள் இருக்குது. கெடக்கட்டும் மாமா."

தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நடக்கிற சத்தம் கேட்டது. முழங்கால் அளவுத் தண்ணீர். அன்றைக்கு அந்த ஏரி அவ்வளவு ஆழம் குறைவாக இருந்ததற்காகச் சாமிக்கு நன்றி சொன்னேன்.

5

ஒன்றரை மணி நேரம் ஆகியும் ஒரு தகவலும் இல்லை. சும்மா நிற்க முடியாமல் நான் செய்த அடுத்த முட்டாள்தனம் லீவு போட்டது.

எங்கள் கம்பெனியில் லீவு கேட்பது இப்போது மனிதரிடம் இல்லை, செயலியிடம். காரணம் என்று ஒரு பட்டியல் திறக்கும். சொந்தத் திருமணம், இருக்கிறது. மனைவி இறப்பு, இருக்கிறது. புனித யாத்திரை, இருக்கிறது. தேர்வு எழுதுவது, இருக்கிறது. மகளின் மருந்தைக் கெடுத்தது, இல்லை. கடைசியில் 'மற்றவை' என்று இருந்ததைத் தொட்டேன். ஆவணம் இணைக்கவும் என்றது. ஆவணம் இல்லாமல் அடுத்த பக்கம் போகாது. டாக்டர் சீட்டு என்னிடம் ஏது? போனில் மகளின் காய்ச்சல் சம்பந்தமாக இருந்தது ஒரே ஒரு படம். அதை இணைத்து அனுப்பிவிட்டேன்.

பழைய பேப்பர், பிளேடு, இரண்டு குவியல் வெள்ளைப் பொடி.

பத்து நிமிடத்தில் மனிதவள அதிகாரி அறைக்குக் கூப்பிட்டார். ஓமான்காரர், வயதில் என்னைவிடச் சின்னவர், ஐந்து பிள்ளைகளின் தகப்பன். கதவைச் சாத்தினார். கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். போதைப்பொருளுக்கு இரக்கம் காட்டாத இந்த நாட்டில் இப்படி ஒரு படத்தை ஒருவன் தன் கைப்பட, தன் பெயரோடு, அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தால் என்ன அர்த்தம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏழுமலை, இது என்ன?"

"மெடிசின். என் மகளோடது. ஃப்ளூ. பிரெக்னன்ட்." எனக்குத் தெரிந்த நான்கு மொழிகளும் வரிசையில் நிற்காமல் ஒன்றாக வந்தன. வயிற்றைக் கையால் வளைத்துக் காட்டினேன். இருமிக் காட்டினேன். பிளேடால் வெட்டுகிற மாதிரி காட்டினேன். கடைசிச் சைகையைக் காட்டாமல் இருந்திருக்கலாம். அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

அந்த நேரத்தில் போன் அடித்தது. தேசிங்கு. அதிகாரி, ஸ்பீக்கரில் போடு என்று சைகை செய்தார். போட்டேன். வந்தது தேசிங்கின் குரல் இல்லை, ஆஸ்பத்திரி டாக்டரம்மாவின் குரல்.

"யாருங்க அந்தப் பாதி மருந்து எழுதின டாக்டர்?"

"நான்தாம்மா. பவானியோட அப்பா."

"என்ன படிச்சிருக்கீங்க?"

"எட்டாவது."

"என்ன வேலை பாக்கிறீங்க?"

"மீன் கிடங்குல டெம்பரேச்சர் பாக்கிறேம்மா."

"அளவு கூடிச்சுன்னா என்ன செய்வீங்க?"

"லாரியைத் திருப்பி அனுப்பிடுவேன்."

"எவ்வளவு கூடினா?"

"ரெண்டு டிகிரி."



"ரெண்டு டிகிரிக்கு லாரியைத் திருப்புறவரு, என் மருந்துல பாதியை எப்படி எடுத்தீங்க?"

இருபத்துமூன்று வருட உத்தியோகத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி.  "பயத்துலம்மா" என்றேன். அதுதான் நிஜம். மீன் பெட்டிக்கு நான் பயப்படுவதில்லை, அதனால் அளவு பார்க்கிறேன். மகள் விஷயத்தில் பயந்தேன், அளவு மறந்தது.

டாக்டரம்மாவின் குரல் இறங்கியது. விரலில் மாட்டிப் பார்த்ததில் ஆக்சிஜன் அளவு கொஞ்சம் குறைவுதான், ஆனால் பயப்படும்படி இல்லை. நெஞ்சில் சளி இறங்கவில்லை. குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது. தன் கண் முன்னாலேயே முழு கேப்ஸ்யூல் போட்டாயிற்று. இன்று இரவிலிருந்து ஐந்து நாளைக்குப் புது அட்டை. இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும், நான் பார்க்கிறேன் என்றார். பிறகு பவானி வாங்கினாள். மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்.

"நைனா. சாமி படத்துக்குப் பின்னாடி பாதி மிச்சம் இருக்குது. உனக்கு அனுப்பட்டா?"

அப்போதுதான் அழுதேன். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவருக்கு எல்லாம் புரிந்திருந்தது. டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, கம்ப்யூட்டரில் இருந்த அந்தப் படத்தை அழித்தார். போய் டீ குடி என்றார். நல்ல மனிதர்தான், ஆனால் லீவு செயலியின் கையில் இருந்தது. என் விண்ணப்பம் இன்றுவரை 'பரிசீலனையில்' இருக்கிறது.

சாயங்காலம் தேசிங்கு ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பேசினான்.

"டாக்டரம்மா சொன்னது நல்லாப் புரிஞ்சுது மாமா. ஐப்பசி கார்த்திகைல ஏரி எப்படி இருக்கும்? ஆத்துத் தண்ணி எல்லாம் வந்து ரெண்டு பங்கு ஆயிடும். இருக்கிற உப்பு அதேதான், ஆனா வாயில வெச்சா சப்புன்னு இருக்கும். அந்த நேரம் பாத்து முகத்துவாரமும் ஒடைச்சுக்கும். உள்ள இருக்கிறதெல்லாம் கடலுக்கு ஓடும். பவானி இப்ப மழைக்கால ஏரி மாமா. அதுல போய் அரை மூட்டை உப்பைப் போட்டா எங்க நிக்கும்?"

ஷீபா சொன்னதும் இதுதான். டாக்டரம்மா சொன்னதும் இதுதான். ஆனால் எனக்கு மண்டைக்குள் இறங்கியது அந்த ஏரித் தண்ணீரில் கரைந்துதான்.

"கடல்காரங்களுக்கு இது சட்டுனு தெரியாது மாமா" என்று ஆறுதலாகச் சொன்னான். "கடல் எப்பவும் ஒரே அளவு."

கல்யாணப் பேச்சில் நான் சொன்னதற்கு அவன் இரண்டு வருடம் கழித்துக் கொடுத்த பதில் அது. வாங்கிக்கொண்டேன். சனிக்கிழமை காய்ச்சல் இறங்கியது. திங்கட்கிழமை பவானி நண்டுக் குழம்பு கேட்டாள். செவ்வாய்க்கிழமை காலை கடைசி முழு கேப்ஸ்யூலைக் கேமராவுக்கு முன்னால் போட்டுத் தண்ணீர் குடித்து, நாக்கை நீட்டிக் காட்டினாள்.

6

பெண் குழந்தை. குறித்த நாளில், குறை இல்லாமல், முழுசாகப் பிறந்தாள். நான் அப்போதும் மஸ்கட்டில்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பிறந்தநாள். தோணிரேவு வீட்டில் பலூன் கட்டி, கேக் வைத்து, சாயங்காலம் வீடியோ காலில் கூப்பிட்டார்கள். கேக் வெட்டுவதற்கு முன்னால் பவானி முகத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"நைனா, பாப்பாவுக்குக் காலைலருந்து உடம்பு சுடுது. டாக்டரம்மா சிரப் எழுதிக் குடுத்தாங்க. எவ்ளோ ஊத்தட்டும்?"

பின்னால் கஸ்தூரி கழுத்தை நீட்டிக் கேமராவைப் பார்த்தாள். தேசிங்கு கூரையைப் பார்த்தான்.  பேத்தி மட்டும் பலூனைக் கடித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் அடிக்கிற குழந்தை பலூனை அப்படிக் கடிக்காது.

"டாக்டரம்மா எவ்ளோ எழுதினாங்களோ அவ்ளோ" என்றேன். "ஒரு சொட்டு கூடவும் வேணாம், கொறயவும் வேணாம். என்னைக் கேக்காத."

"பாத்தியா, நான்தான் ஜெயிச்சேன்" என்று பவானி கத்தினாள். பந்தயம் கட்டியிருக்கிறார்கள். நான் பாதி என்பேன் என்று கஸ்தூரி. இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை. அரைமணி நேரம் பிரசங்கம் செய்வேன் என்று தேசிங்கு. தோற்ற இருவரும் இறால் உரிக்க வேண்டுமாம்.

குழந்தையின் கையைப் பிடித்து கேக் வெட்டினார்கள். தேசிங்கு ஒரு துண்டை எடுத்து, அதை மறுபடி நடுவில் வெட்டி, பாதியைத் தட்டில் வைத்துக் கேமராவுக்கு நேரே நீட்டினான்.

"இது உங்க பங்கு மாமா."

"எனக்கு மட்டும் எதுக்குப் பாதி?"

அவன் சிரிக்காமல் சொன்னான். "கூட வந்து நின்னவங்களுக்குத்தான் மாமா முழுப்பங்கு. கரையில ஒக்காந்திருக்கிறவங்களுக்கு அரைப்பங்குதானே?"

எங்கள் குப்பத்து நியாயம். சண்டைக்குப் போக வழியில்லை. போனை வைத்ததும் லீவு செயலியைத் திறந்து புது விண்ணப்பம் ஒன்று போட்டேன். காரணம் என்கிற இடத்தில் 'மற்றவை'. இந்த முறை ஆவணமாக அந்தத் தட்டின் படத்தை இணைத்திருக்கிறேன்.